வரப்புப் பாம்புகள் முட்டையிடும் பருவமும் குஞ்சு பொரிக்கும் பருவமும்

நெல்லறுப்பு முடிந்து, கண்மாய்களில் தண்ணீர் கீழ்மடைக்கு இறங்கிவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்களில் மண்வெட்டி வேலை தொடங்கிவிடும். வரப்பு கழித்தல், வாய்க்கால் தூர் வாருதல், கண்மாய்க் கரைக்கு மண் அணைத்தல், களத்து மூலையில் குவிந்து கிடக்கும் குப்பை எருவை அள்ளி வயலுக்கு அனுப்புதல் ஆகிய இவை யாவும் மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில் நடந்தேற வேண்டியவை. மழை இறங்கிய பிறகு கரையில் கைவைக்க அவகாசமிராது. இவ்வேலைகள் நடக்கும் அதே மாதங்களில்தான், அதே வரப்பிலும் கரையிலும் குப்பைமேட்டிலும் பாம்புகள் முட்டையிட்டுத் தங்கியிருக்கின்றன.

மண்வெட்டி விழுந்த இடத்தில் வெள்ளை முட்டைகள் இருபதும் முப்பதுமாக உருண்டு வருவதைக் காணாத குடியானவர் இப்பக்கத்தில் அரியர். கண்டவுடன் செய்யப்படுவது இரண்டிலொன்று. "நல்லபாம்பு முட்டை" என்று கூவி வைக்கோல் போட்டுக் கொளுத்துவார்கள். அல்லது, "தண்ணீர்ப்பாம்பு முட்டைதானே" என்று சொல்லி வெறுங்கையால் அள்ளி அப்பால் எறிவார்கள். முதலாவதில் பெரும்பாலும் தீங்கற்ற ஜந்துக்கள் வீணாய் அழிகின்றன. இரண்டாவதில் சிற்சில சமயம் மனிதர் உயிரே போகின்றது. எந்தப் பாம்பு எந்த மாதத்தில் முட்டையிடும், எத்தனை நாளில் குஞ்சு வெளிவரும், எது முட்டையிடாமல் குட்டி போடும் என்னும் விவரங்களை ஓரளவு அறிந்து வைத்துக்கொண்டால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

இவ்வட்டாரத்தின் நிலவாகு

மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், அதற்குக் கிழக்கே கண்மாய்ப் பாசன நன்செய், இன்னும் கிழக்கே சென்றால் பருத்தி விளையும் கரிசல். மலையை ஒட்டிய காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயமாக்கப்பட்டு, 2021-இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. அம்மலைக்காட்டுப் பாம்புகள் வேறு. நாம் இங்கே பேசுவது ஏர் உழும் நிலத்துப் பாம்புகளைப் பற்றி மட்டுமே.

இவ்வட்டாரத்தின் முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. சித்திரையில் இடியுடன் கூடிய கோடைமழை சில நாள் பெய்யும். மற்ற மாதங்களில் வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும். பாம்பின் ஆண்டுக் கணக்கும் ஏறக்குறைய இந்த மழைக் கணக்கையே தொடர்ந்து செல்கின்றது. தவளைக்குஞ்சும் மீன்குஞ்சும் நிறைந்த காலத்தில் தன் குஞ்சு வெளிவர வேண்டும். முட்டை இருக்கும் வளையில் வெள்ளம் புகவும் கூடாது, ஈரம் வற்றவும் கூடாது. இவ்வளவுக்கும் இடங்கொடுக்கும் மாதங்கள் ஆண்டில் சிலவே.

நீர்க்கோலி

தண்ணீர்ப்பாம்பு என்றும் நீர்க்கோலி என்றும் வழங்குவது, மஞ்சளும் பசுமையும் கலந்த மேனியில் சதுரங்கக் கட்டம் போலக் கரும்புள்ளிகள் வரிசையாய் அமைந்த பாம்பு. கண்ணுக்குக் கீழும் பின்னும் சாய்வாக இரண்டு கரிய கோடுகள் ஓடும். இக்கோடுகளே சரியான அடையாளம். பெரும்பாலும் மூன்றடிக்குள் இருக்கும். சில ஐந்தடிக்கு மேலும் வளரும். ஆணைவிடப் பெண்ணே பெரியது. முன்கோபம் மிகுந்தது, பிடித்தால் தயங்காமல் கடிக்கும். ஆயினும் அக்கடியில் மனிதருக்கு ஆபத்தான விஷமில்லை.

குளிர்காலத்தில் இணைந்து, தை முதல் பங்குனி வரையில் முட்டையிடுவதே தென்னாட்டில் இதன் பெருவழக்கு. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த காலம் அப்போது கழிந்துவிடுகின்றது. நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்குவதால் கரையிலுள்ள எலிவளைக்குள் தண்ணீர் ஏறும் அச்சமில்லை. மழை நனைத்த மண்ணின் உள்ளீரமோ இன்னும் வற்றவில்லை. இதைவிடப் பொருத்தமான காலத்தை நாமே பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தாலும் குறிக்க முடியாது.

ஓர் ஈட்டுக்கு முப்பது முதல் எழுபது முட்டை வரை இடுவது சாதாரணம். நான்கே இட்டதும் உண்டு. நூறு வரை இட்டதும் உண்டு. தாய்ப்பாம்பு முட்டைகளை விட்டு அகலாமல், குஞ்சு பொரியும் வரை உடன் தங்கியிருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஆகவே பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரையில் மடைவாயிலிலும், வற்றும் குட்டையோரத்திலும் ஒரு சாணுக்குக் குறைந்த சின்னஞ்சிறு பாம்புகள் பலவாகத் தென்பட்டால் அவை பெரும்பாலும் நீர்க்கோலிக் குஞ்சுகளே.

இதனிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. அதற்குக் கெட்டதேயொழிய நமக்கன்று. மிரட்டினால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைச் சற்றே தூக்கிக் காட்டும். குஞ்சும் அப்படியே செய்யும். படம் எடுப்பதாக எண்ணி, நல்லபாம்புக் குட்டி என்று அடித்துப் போடுகின்றனர். வரப்பு வெட்டும் காலத்தில் அடிபட்டுச் சாகும் பாம்புகளில் இதற்கு எப்போதும் பெரும்பங்கு உண்டு.

நீர்க்கோலி எலிகளைத் தின்று குடியானவருக்குப் பேருதவி புரிகின்றது என்று எழுதுவோர் உண்மையைச் சிறிது மிஞ்சிப் போகின்றனர். அதன் முக்கிய ஆகாரம் மீனும் தவளையுமே. எலி அகப்பட்டால் தின்னும், அவ்வளவுதான். கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு அதன்மேல் வருத்தமிருப்பது இயற்கை. ஆயினும் அதன் முட்டைகளைக் கீரியும் உடும்பும், குஞ்சுகளை மயிலும் கொக்கும் தின்கின்றன. ஓர் ஈட்டில் பிறந்த ஐம்பதில் வளர்ந்து பெரிதாவன மிகச் சிலவே. மண்வெட்டியின் உதவி இல்லாமலே அதன் தொகை ஒரு வரம்புக்குள் நிற்கின்றது.

புல்லில் திரியும் கோட்டுப் பாம்பு

முதுகின் இருபுறமும் வெளிறிய மஞ்சள் கோடு இரண்டு, தலையிலிருந்து வால்வரை ஓடும் சிறு பாம்பு ஒன்றுண்டு. இரண்டடி இருந்தால் அதிகம். வரப்புப் புல்லிலும், கண்மாய்ப் புறம்போக்கின் கோரையிலும் பகலிலேயே திரியும். இந்நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் புல்பாம்பு என்று பொருள்படும் பெயரிட்டழைப்பது பெரும்பாலும் இதனையே. இவ்வளவு சாதுவான பாம்பு வேறொன்று இல்லையென்றே சொல்லலாம். கையில் எடுத்தாலும் கடிப்பது அரிது. கோடை முற்றினால் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் திடீரென எங்கும் காணப்படும்.

சினைகொண்ட பெண்கள் சித்திரை முதல் ஆவணி வரை காணப்படுகின்றன. மண்ணுக்கடியிலுள்ள பொந்தில் ஐந்து முதல் பத்து வரை தூய வெள்ளை முட்டைகள் இடும். இதுவும் பொரியும்வரை முட்டையுடனேயே இருக்கும். ஐந்தாறு அங்குல நீளமுள்ள குஞ்சுகள் வெளிவந்து வளரவும், ஐப்பசி மழையில் சிறு தவளைகள் பெருகவும் காலம் சரியாக இருக்கின்றது. நீர்க்கோலிக் குஞ்சு கோடைமழைக்கு முன்னும் பின்னும் வருவது. இது பெருமழைக்கு முன் வருவது. ஒரே வரப்பில் வாழும் இரு பாம்புகள் இவ்வாறு காலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இங்கிலாந்திலும் புல்பாம்பு உண்டு. அது வேறு இனமாயினும் நீரோரத்தில் தவளை பிடித்துண்பதில் இவற்றுக்கு உறவே. அந்நாட்டு மண் முட்டை பொரிக்கப் போதிய சூடுடையதன்று. ஆதலால் அப்பாம்பு ஜூன், ஜூலை மாதங்களில் பண்ணைகளிலுள்ள எருக்குவியலையும், அழுகும் இலைக்குவியலையும் தேடிச் சென்று அதற்குள் முட்டையிடுகின்றது. மக்கும் எருவில் எழும் சூட்டினால் பத்து வாரமளவில் குஞ்சுகள் பொரிந்து, ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் வெளியேறுகின்றன. குளிர்நாட்டுப் பாம்புக்குச் சூடு தேவை. நம் பாம்புக்கு ஈரம் தேவை. நம்மூர்க் குப்பைமேட்டிலும் பாம்புகள் முட்டையிடுவதுண்டு. இங்கே அவற்றை இழுப்பது குப்பையின் சூடு அன்று, அடிக்குப்பையிலுள்ள ஈரமும் மறைவுமே.

முட்டைக்குள் நடப்பது

பாம்பு முட்டைக்குக் கோழிமுட்டை போன்ற கெட்டியான ஓடு கிடையாது. பதனிட்ட தோல் போன்ற மெல்லுறையே உண்டு. இதனால் பல்லி முட்டையிலிருந்து இதைப் பிரித்தறியலாம். வீட்டுப்பல்லியின் முட்டை சிறிதாயினும் ஓடுடையது. பாம்பு முட்டை, இட்ட நாள் முதல் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் சிறுகச் சிறுகப் பருக்கும். ஈரம் வற்றினால் குழிந்து சுருங்கிக் கரு மடியும். தண்ணீர் தேங்கினால் காற்றெட்டாமல் அழுகும். எலிவளையிலும் கறையான் புற்றிலும் முட்டையிடுவதன் இரகசியம் இதுவே. வெளியே பங்குனி வெயில் கொளுத்தினாலும், இரண்டு முழ ஆழத்தில் மண் குளிர்ந்தே இருக்கும்.

கோழி தன் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கின்றது. பாம்பு முட்டையை அவ்வாறு புரட்டினால் கருவுக்குக் கேடு. தாய்ப்பாம்பு முட்டைமேல் சுருண்டு கிடந்தாலும், மலைப்பாம்பு ஒன்றைத் தவிர, நம் நாட்டுப் பாம்புகள் தம் உடற்சூட்டைக் கொடுத்துப் பொரிப்பதில்லை. பொரிப்பது மண்ணின் சூடே. எனவே வெயில் மிகுந்த ஆண்டில் நாள் குறையும். மேகமூட்டமுள்ள ஆண்டில் நாள் கூடும். இரண்டு மாதம் என்று நாம் சொல்வது ஒரு மட்டான கணக்கே.

காலம் நிரம்பியதும், குஞ்சின் மேல்வாய் நுனியிலுள்ள சிறு பல்லினால் உறையைக் கீறித் தலையை நீட்டும். உடனே ஓடிவிடுவதில்லை. எஞ்சிய மஞ்சட்கருவை உடலுக்குள் வாங்கிக்கொள்ளும் வரை, சில வேளை ஒரு நாளுக்கு மேலும், தலையை மட்டும் நீட்டியபடி முட்டைக்குள்ளேயே கிடக்கும். வெளிவந்து ஒரு வாரம் பத்து நாளில் முதற் சட்டையை உரிக்கும். இரை தேடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகே. தாய் ஊட்டுவதுமில்லை, வழிகாட்டுவதுமில்லை.

சாரை

எலிக்கு உண்மையான எமன் சாரைப்பாம்பு. ஆறடிக்கு மேலும் வளரும், விஷமில்லை. ஒரு வயல் எலி மூன்று வாரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஓர் ஈடு குட்டி போட்டுவிடும் என்பதையும், அவ்வெலி கதிரை அறுத்து வளைக்குள் சேமிக்கும் வழக்கமுடையது என்பதையும் எண்ணினால், வரப்பில் வாழும் ஒரு சாரை எவ்வளவு நெல்லைக் காக்கின்றது என்பது விளங்கும். அது எலிவளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளைத் தின்னவல்லது. பூனைக்கும் ஆந்தைக்கும் அது கைகூடாது.

இருந்தும் இதன்மேல் ஏற்றப்பட்ட பழிகள் பல. மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்பது ஒன்று. பாம்பின் வாயில் பால் உறிஞ்சுவதற்கான அமைப்பே இல்லை. உள்வளைந்த ஊசிப்பற்கள் பட்டால் மாடு நின்றுகொண்டிருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். மற்றொன்று, சாரையும் நாகமும் பிணையும் என்பது. இரண்டு பாம்புகள் முன்னுடலைத் தூக்கி ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நெடுநேரம் ஆடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். அவை இரண்டும் சாரைகளே; இரண்டும் ஆண்களே. அது பிணைதலன்று, பெண்ணின் பொருட்டும் இடத்தின் பொருட்டும் நடக்கும் மல்யுத்தம். கடிப்பதில்லை, ஒன்று மற்றொன்றின் தலையைத் தரையில் அழுத்த முயலும், தோற்றது ஓடிவிடும். உண்மையான இணைதல் தரையோடு தரையாய், மறைவில், ஆரவாரமின்றி நடப்பது. இந்த ஆட்டத்தைக் கண்டால், அப்பக்கத்தில் சாரைக்கு இனவிருத்திக் காலம் நெருங்கியிருக்கின்றதென்று அறிந்துகொள்ளலாம். ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகள் இடுவது வழக்கம். இதற்கும் பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும். மாதக் கணக்கு மட்டும் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும்.

தோலுக்காக இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு வந்த பாம்பு இது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அவ்வியாபாரத்தை ஒடுக்கின. பாம்புகளைக் கொல்வதும் பிடித்து வைத்துக்கொள்வதும் இன்று சட்டப்படி குற்றமாகும்.

விஷப்பாம்புகளின் மாதங்கள்

இங்கேதான் கவனம் மிகுதியும் வேண்டும். நல்லபாம்பு சித்திரை முதல் ஆடி வரை பத்து முதல் முப்பது முட்டைகள், எலிவளையிலோ புற்றிலோ இடும். நாற்பத்தெட்டு முதல் அறுபத்தொன்பது நாளில் பொரியும். எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் நீளமுள்ள அக்குஞ்சு பிறந்த அன்றே படமெடுக்கும். பிறந்த அன்றே அதற்கு விஷமும் உண்டு. கட்டுவிரியன் பங்குனி முதல் வைகாசி வரை எட்டு முதல் பன்னிரண்டு முட்டைகள் வரை இடும். குஞ்சுகள் வைகாசி முதல் ஆடி வரை வெளிப்படும். இவ்விரண்டின் முட்டைகளையும் நீர்க்கோலி, சாரை முட்டைகளையும் கண்ணால் பார்த்து இன்னதென்று துணிவது வல்லவர்க்கும் கடினம். முட்டையின் பக்கத்திலேயே தாய் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இணைந்து, ஆறு மாதத்துக்கு மேல் கருத்தாங்கிக் குட்டி போடும். வைகாசி முதல் கார்த்திகை வரை குட்டிகள் பிறக்கலாமாயினும் ஆனி, ஆடியிலேயே மிகுதி. ஓர் ஈட்டில் இருபது முதல் நாற்பது சாதாரணம். 1796-இல் தென்னிந்தியப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் கம்பெனி வைத்தியரின் பெயரையே ஆங்கிலத்தில் இப்பாம்பு தாங்கியிருக்கின்றது. தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு குட்டிகள் பிறக்கும் என்று சொல்வது ஆதாரமற்ற பேச்சு. தாய் பிழைத்திருந்து மறுபடியும் குட்டி போடுகின்றது. சுருட்டை விரியனும் குட்டி போடுவதே. சித்திரை முதல் ஆவணி வரை மூன்று முதல் பதினைந்து குட்டிகள் பிறக்கும். ஐந்து அங்குல அளவேயுள்ள அவற்றைக் கரிசல் காட்டுக் கற்குவியலிலும், வீட்டுக்கு அருகே அடுக்கி வைத்த பருத்திமாரிலும் காண்பது கடினம்.

ஆக, சித்திரைக்கு முன் நீரோரத்தில் கூட்டமாய்க் காணும் சிறு பாம்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை; ஆனி பிறந்த பின் காணும் சிறு பாம்பு எதுவாகவும் இருக்கலாம். இக்கணக்கு அனுமானத்திற்கு உதவும். கையை நீட்டுவதற்கு உதவாது.

2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நேர்ந்தவை. நாட்டின் பெரும்பகுதியில் அது மழைக்காலம். வயல்வேலை மிகுந்த காலம். குஞ்சுகளும் குட்டிகளும் வெளிப்படும் காலமும் அதுவே. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

வேலைத்தலத்தில் கவனிக்க வேண்டியவை

கரை வேலைக்கு ஆளிறங்குவதற்கு முன், நீண்ட கம்பினால் வளைவாயையும் புல்லையும் தட்டிச் செல்ல வேண்டும். பாம்புக்குக் காற்றில் வரும் சத்தத்தைவிட நிலத்தின் அதிர்ச்சியே நன்றாய் எட்டும்; பெரும்பாலானவை விலகிச் செல்லும். வளைக்குள் கைவிட்டு எலி பிடிப்பது எக்காலத்திலும் ஆகாது. பங்குனி முதல் ஆவணி வரை அறவே கூடாது. குப்பைமேட்டை அடியிலிருந்து தோண்டாமல், மேலிருந்து தட்டுத் தட்டாய் மண்வெட்டியால் இழுக்க வேண்டும். கூடையை நிரப்புவோர் பெரும்பாலும் பெண்களாதலால், கையால் அள்ளாதபடி அவர்களுக்குத் தகரத் தட்டோ, முறமோ கொடுப்பது வேலை நடத்துவோர் கடமை.

முட்டைகள் வெளிப்பட்டால் அவ்விடத்தில் வேலையை நிறுத்தி, யாரும் தொடாமல் விலகி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் அனுப்புவது முறை. ஆள் வரும்வரை வெயில் படாதபடி, தூரத்தில் நின்றே மண்வெட்டியால் ஈரமண்ணைத் தள்ளி முட்டைகளை மூடிவைக்கலாம், புரட்டலாகாது. இரண்டு முழ நீளத்துக் கரையை அன்று விட்டு மறுபக்கம் வேலையைத் தொடர்வதால் கரை ஒன்றும் உடைந்துவிடாது.

கடிபட்டால் கட்டுப் போடுவதும், கீறுவதும், வாய்வைத்து உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், வண்டியிலேற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மேற்சொன்ன நான்கு விஷப்பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மாற்றுமருந்து உண்டு. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய அவசியமில்லை.

பள்ளி ஆசிரியர்கள் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. இந்தியப் பாம்புகளின் முட்டைக் கணக்கில் நாம் அறிந்தவற்றுள் கணிசமானது, பிராங்க் வால் என்னும் ராணுவ வைத்தியர் தாம் பணியாற்றிய ஊர்களிலெல்லாம் கிடைத்த பாம்புகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து எழுதிவைத்த குறிப்புகளே. 1905 முதல் 1919 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் அவை தொடராக வெளிவந்தன. ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் மழைக்கேற்பச் சில வாரங்கள் முன்பின்னாகும். ஆதலால் தங்கள் ஊர்க் கண்மாயில் முதற் குஞ்சு தென்பட்ட தேதி, அப்போது கண்மாயில் நின்ற தண்ணீரின் அளவு, அதற்கு முன் கடைசியாய் மழை பெய்த நாள் ஆகிய மூன்றையும் மாணவர்களைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம். பாம்பை நெருங்காமல் கரைமேல் நின்று பார்த்து எழுதினாலே போதும். ஐந்தாறு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், தூர் வாரும் வேலையை எந்தக் கரையில் எந்த வாரம் முதலில் தொடங்குவது என்பதைப் பஞ்சாயத்தார் அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.